ஒரு சொளகு தவிடு

ஜூன் 3, செவ்வாய்

திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் எழுத ஆரம்பிக்கிறேன். பிள்ளை பெற்று அம்மா வீட்டில் கிடப்பவள் யாரைத்தான் திட்டுவது? அம்மாவைத் திட்டினால், "பச்ச ஒடம்பு, கோவப்படாத" என்று ஒரு டம்ளர் பூண்டுப் பால் வந்து நிற்கும். என் வீட்டுக்காரர் நயினாருக்குக் கோயம்புத்தூரில் வேலை. போனில் எதைச் சொன்னாலும் "சரி சரி, ரெஸ்ட் எடு" என்பார். பாப்பாவைத் திட்ட முடியாது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெயரும் வைக்கவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தால் ப்ளஸ் டூ பிள்ளைகள் வேதியியல் நோட்டோடு வரிசையில் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். பேறுகால விடுப்பில் அந்த வசதியும் இல்லை.

இன்றைய பிரச்சினை தலையணை. என் அறையில் இருந்த அத்தனை தலையணைகளையும் வெயிலில் காயப்போடுகிறேன் என்று அம்மா மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். பாளையங்கோட்டை வெயிலுக்கு அரை மணி நேரத்தில் அப்பளமே பொரிந்துவிடும். தலையணை மட்டும் திரும்பி வரவே இல்லை. கேட்டால், "பிள்ள பெத்தவ தலகாணி வைக்கக் கூடாது, கழுத்துல வாயு பிடிக்கும்" என்கிறாள். தலையணை இல்லாமல்தான் கழுத்து பிடித்திருக்கிறது. ஒரு பழைய சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டேன். குளித்துவிட்டு வருவதற்குள் அதையும் காணோம்.

ஜூன் 5, வியாழன்

பாப்பாவைக் குளிப்பாட்ட தினமும் பெரியம்மா வருகிறாள். பூரணம் பெரியம்மா, அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள், பிள்ளை குட்டி இல்லை. சின்ன வயதில் நான் பாதி நாள் அவள் வீட்டில்தான் கிடந்தேனாம். உலகத்துக்கெல்லாம் நான் சங்கரி, அவளுக்கு மட்டும் பிச்சு. முப்பத்து மூன்று வயதில் ஒரு டீச்சரைப் பிச்சு என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றுவதே இல்லை.

காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவைக் குப்புறப் போட்டு, அவள் வெந்நீர் விடுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அம்மா மட்டும் வாசல்படியில் நிற்பாள். துண்டை எடுத்துக் கொடுப்பாள், சாம்பிராணி போடுவாள், பிள்ளையைத் தொட மாட்டாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூடத் தன் பேத்தியைத் தூக்கவில்லை.

"ஏம்மா, தூக்கினா ஒட்டிக்கிடுமா?" என்று கேட்டேன்.

"மணிக்கட்டு வலிக்கி."

மணிக்கட்டு வலிக்கிறவள்தான் காலையில் நிறை சிலிண்டரை வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் உருட்டிக்கொண்டு போனாள். கேட்டால் அது வேறு வலி என்பாள்.

தொடத்தான் மாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். முதலில் பாப்பாவைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இன்றைக்குக் கவனித்தேன், என்னைத்தான் பார்க்கிறாள்.

ஜூன் 6, வெள்ளி

என் அறைத் தாழ்ப்பாளைக் காணோம். ஸ்க்ரூ டிரைவர் வைத்து அம்மாவே கழற்றியிருக்கிறாள். துருப்பிடித்துவிட்டதாம்.

ஜூன் 8, ஞாயிறு

நயினார் வந்தார். தலையணை, சேலை, தாழ்ப்பாள் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "அத்தைக்கு ஒரே பொண்ணு நீ. பயத்துல செய்யுதாங்க" என்றார். யாருக்கு என்ன பயம்?

"அடுத்த வாரம் வரும்போது எனக்கு ஒரு நல்ல தலையணை வாங்கிட்டு வாங்க. அம்மா கண்ணுல படாம."

"சரி. நீ தூங்குறியா இல்லையா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு."

"எங்க தூங்க? விடிஞ்சதுல இருந்து அவ அழுதுக்கிட்டே இருக்கால்லா."

அவர் தொட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அவ தூங்குதா, சங்கரி. நான் வந்ததுல இருந்து தூங்கிட்டுத்தான் இருக்கா."

எட்டிப் பார்த்தேன். தூங்கித்தான் இருந்தாள், வாயில் பால் காய்ந்திருந்தது. ஆனால் அழுகைச் சத்தம் கேட்கத்தான் செய்தது. பக்கத்து வீடாக இருக்கும். அங்கே ரிட்டயர் ஆன கணவன் மனைவி மட்டும்தான் என்று இவர் சொல்கிறார். பேரப் பிள்ளைகள் யாராவது வந்திருப்பார்கள், இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?

ஜூன் 11, புதன்

பிள்ளை பெற்றவளுக்கு என்று சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் போட்டு அம்மா ஒரு மருந்து கிண்டித் தருகிறாள். இரண்டு நாளாக அதன் நிறம் சரியில்லை. முன்பு கருப்பு, இப்போது செம்மண் நிறம். கருப்பட்டி மாறியிருக்கும் என்கிறாள். சாப்பிட்டால் நாக்கில் என்னவோ மரத்துப்போகிறது. நான் வேதியியல் படித்தவள், என்னிடமே இந்த வேலையா? வாஷ் பேசினில் கரைத்து ஊற்றிவிட்டேன். வாஷ் பேசின் அடைத்துக்கொண்டது. அதற்கும் எனக்குத்தான் பாட்டு.

பெரியம்மாவும் அம்மாவும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் போனால் முருங்கைக்கீரையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இன்னொன்று. பாப்பாவின் இடது காது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது காது மடல் இப்படி மடங்கியிருந்ததாக நினைவில்லை. பிறந்த அன்றைக்கு எடுத்த போட்டோவைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலும் மடங்கித்தான் இருக்கிறது. வெளிச்சக் கோளாறாகவும் இருக்கலாம். போட்டோவை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பூண்டுப் பால்தான் வரும்.

ஜூன் 13, வெள்ளி

இந்த வீட்டில் காற்று வாங்கக்கூட ஒருத்திக்கு உரிமை இல்லை.

மத்தியானம் அம்மா குளிக்கப் போனாள். அறையில் புழுக்கம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். வேப்பமர நிழல் ஒரு பக்கமாக விழுந்து, அங்கே கொஞ்சம் காற்று வந்தது. தலைமுடி அவிழ்ந்து முகமெல்லாம் விழுந்தது. கொண்டை போட இரண்டு கை வேண்டாமா? பாப்பாவைக் கைப்பிடிச் சுவர்மேல் படுக்க வைத்துவிட்டுக் கொண்டை போட்டேன். ஒரு முழ அகலச் சுவர். அவளுக்கு இன்னும் புரளக்கூடத் தெரியாது. சமர்த்தாக மரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அந்த அழுகைச் சத்தம் கேட்கவில்லை. கீழே தெருவில் ஒரு வெள்ளைப் பூனை போனது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம்தான் இருக்கும்.

பின்னாலிருந்து அம்மா வந்தாள். கத்தவில்லை. ஈரத் தலையும் பாவாடையுமாக, பூனை நடக்கிறதுபோல் மெதுவாக வந்து, "சங்கரி, பிள்ளய எடு" என்றாள். "எடுத்து நெஞ்சோட வச்சிக்கிடு, தாயி. மொள்ள எடு."

எடுத்தேன். எடுத்த பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள். இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? பக்கத்தில்தானே நின்றேன். தானே வந்து தூக்கிக்கொண்டிருக்கலாம், அதையும் செய்யவில்லை.

மாடிக் கதவுக்கு இப்போது பூட்டு.

ஜூன் 15, ஞாயிறு

நயினார் தலையணையோடு வந்தார். அம்மா கண்ணில் படாமல் என்று சொன்ன மனுஷியை மதித்து, பெரிய பிளாஸ்டிக் உறையோடு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடு வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா முகம் வெளிறிவிட்டது.

"மாப்ள, அது வேண்டாம். திருப்பிக் குடுத்துருங்க."

"அத்தை, வெறும் தலகாணி."

"வேண்டாம்னா வேண்டாம்."

மாப்பிள்ளையிடம் அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்கு வந்த கோபத்தில் தலையணையைப் பிடுங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் கழுத்து, என் பீரோ, என் சாவி.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா அடுத்த குண்டைப் போட்டாள். பாப்பாவைத் தவிட்டுக்குக் கொடுத்துவிட வேண்டுமாம்.

எந்தக் காலத்தில் இருக்கிறோம்? பிள்ளைகள் பிறந்து பிறந்து தங்காமல் போகிற வீட்டில் செய்கிற சடங்கு அது. பிள்ளையை முறத்தில், எங்கள் பாஷையில் சொளகில், கிடத்தி, ஒரு சொளகு தவிட்டுக்கு இன்னொருத்திக்கு விற்றுவிடுவார்கள். சொந்தப் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு விற்ற பிள்ளை, ஒன்றுக்கும் பெறாத பிள்ளை என்று எமன் ஏமாந்து போய்விடுவானாம். பிறகு பெற்றவளே திரும்ப வாங்கிக்கொள்வாள். பிச்சை, தவிட்டான் என்றெல்லாம் பெயர் வைப்பதும் அதற்குத்தான்.

"நம்ம வீட்ல யாரு செத்தா? நான் ஒரே பிள்ள, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். இவ மொதப் பிள்ள. எமனுக்கு இங்க என்ன ஜோலி?"

"எதுக்கும் செஞ்சிருவோம். பூரணம் வாங்கிக்கிடுவா."

"சம்பிரதாயம்தான, பண்ணிட்டுப் போவோம்" என்றார் நயினார். அவருக்குச் சோறு செரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"பிள்ள ஒரு வருசம் பூரணம் வீட்லதான் இருக்கணும்" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "பால் குடுக்க மட்டும் இவ போய்ட்டு வரட்டும். பூரணம் கூட இருப்பா."

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வாங்கினதும் திருப்பித் தருவதுதான் சடங்கு. ஒரு வருஷம் வைத்துக்கொள்வது எந்த ஊர் வழக்கம்? என் பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கி அக்காவுக்குக் கொடுக்கப் பார்க்கிறாள். மருந்து, தாழ்ப்பாள், குசுகுசு என்று எல்லாம் எதற்காக என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஜூன் 17, செவ்வாய்

பெரியம்மாவை நேராகப் பிடித்துக்கொண்டேன். பாப்பாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, ஒனக்குப் பிள்ள வேணும்னா தத்து எடு. எம்பிள்ள மேல கண்ணு வைக்காத."

அவள் கோபப்படவில்லை. துவட்டுவதை நிறுத்தவும் இல்லை.

"எனக்குப் பிள்ள இல்லன்னு யாரு சொன்னா? ஒன்னய ஒரு சொளகு தவிடு குடுத்துல்லா வாங்குனேன். மூணு வயசு வரைக்கும் எம்பிள்ள. பிச்சுன்னு பேரு வச்சது நாந்தான்."

பாதி நாள் கிடந்தேன் என்று சொன்னார்களே, அது மூன்று வருஷமா? இத்தனை வயதில் எனக்குத் தெரியாத செய்தி. பிச்சு என்றால் பிச்சை என்று தெரியாமலா இருந்தேன்? தெரியும். என்னோடு சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை.

"எனக்கு எதுக்கு? எனக்கு முன்னாடி யாரு போனா?"

பெரியம்மா பாப்பாவைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். "ஒரு பய இருந்தான். மாந்தத்துல போயிட்டான். அவகிட்ட கேக்காத, பிச்சு. இத்தன வருசம் கேக்காம இருந்தோம்லா, அப்பிடியே இரு."

கேட்காதே என்று சொன்னால் நான் கேட்காமல் இருப்பேன் என்று நம்புகிறாள். என்னை வளர்த்தவளாம்.

ஜூன் 18, புதன்

அம்மா என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பாப்பா மட்டும் பேசுகிறாள், ஒரே வார்த்தையை, நிறுத்தாமல்.

ஜூன் 20, வெள்ளி

கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாப்பா பெரியம்மாவோடு உள்ளே. அம்மா எதிரில் உட்கார்ந்து, "அவன் மாந்தத்துலயா போனான்?" என்று கேட்டேன். யார் என்று அவள் கேட்கவில்லை. கை மட்டும் நின்றது.

"இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசியதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். என் வார்த்தையில் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

"நல்லாத்தான் பெறந்தான். நல்லாத்தான் பால் குடிச்சான். எனக்குத்தான் ஒறக்கம் போச்சு. அவன் தூங்கினாலும் எங்காதுல அழுதுக்கிட்டே இருப்பான். எம்பிள்ள இல்லன்னு தோணும், ஆஸ்பத்திரில மாத்திட்டாவன்னு தோணும். எங்கம்மா குடுத்த சோத்துல மருந்து வச்சிருக்கான்னு தோணும். யார்ட்ட சொல்ல? ஒரு நா மத்தியானம். வீட்ல யாரும் இல்ல. காலைல இருந்து அழுக. தலகாணிய எடுத்து மூஞ்சில வச்சேன். அழுக நிக்கணும்னுதாம்ட்டி நெனச்சேன். பிள்ள போவணும்னு நெனக்கவே இல்ல."

கீரைத் தண்டை ஒன்று ஒன்றாக அடுக்கினாள்.

"ஒங்கப்பாதான் வந்து பாத்தாவ. வெளிய சொல்லல. மாந்தம்னுட்டாவ. பூரணத்துக்கு மட்டும் தெரியும். ரெண்டு வருசம் கழிச்சு நீ பெறந்த. ஒங்கப்பா சொளகும் தவிடுமா வந்து நின்னாவ. ஊரே சொல்லிச்சு, தங்காத வீடு, எமன ஏமாத்தத் தவிட்டுக்குக் குடுக்காவன்னு. எமன ஏமாத்த இல்லட்டி. என்னய ஏமாத்த. எம்பிள்ளன்னு சொல்லித் தூக்குனா நீ போயிருவன்னு எங்கிட்ட சொன்னாவ. நான் நம்புன மாதிரியே இருந்தேன். மூணு வருசம் ஒன்னயத் தூக்கல. அதுக்கு அப்புறமும் பயந்து பயந்துதான்."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமாகி, மாலை போட்ட போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிற அப்பாமேல் வந்தது. பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு டாக்டரிடம் கூட்டிப்போகத் தெரியாமல், தவிட்டு வியாபாரம் பண்ணியிருக்கிறார்.

"சரி. அது ஒன் கத. எங்கிட்ட இருந்து ஏன் எம்பிள்ளயப் பிடுங்குத?"

அம்மா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்கண்ணு, சங்கரி. அன்னைக்கு நான் கண்ணாடில பாத்த கண்ணு."

ஜூன் 21, சனி

எனக்கு அப்படி எதுவும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

நயினாருக்கு ஆபீஸில் வேலையாம், வரவில்லை. அம்மா சொன்னதை இவரிடம் சொல்லலாமா என்று போனை எடுத்தேன். "பாப்பா என்ன பண்ணுதா?" என்றார். "தூங்குதா" என்றேன். தூங்குகிறாளா என்று எனக்கே நிச்சயம் இல்லை. வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கும் அதே மாதிரி காதில் அழுகை கேட்டதாம். அதே மாதிரி மருந்தில் சந்தேகமாம். ஒரே வீட்டுத் தண்ணீர், ஒரே மாதிரி மருந்து, அதனால் இருக்கும். நான் வேதியியல் டீச்சர், அவள் எட்டாவது படித்தவள். இரண்டும் ஒன்றாகுமா? பிள்ளையை மாற்றிவிட்டதாகத் தோன்றியது என்றாளே, காது விஷயத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லையே.

ஜூன் 23, திங்கள்

இதை எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இல்லை என்று சொல்லிவிடுவேன்.

மத்தியானம். பெரியம்மா தன் வீட்டுக்குப் போயிருந்தாள். அம்மா அடுப்படியில். பாப்பா அழுதாள், நிஜமாகவே அழுதாள், முகம் சிவந்து, மூச்சு இழுத்து இழுத்து. பால் கொடுத்தேன், குடிக்கவில்லை. தோளில் போட்டேன், நிற்கவில்லை. படுக்கையில் கிடத்தினேன். பீரோவைத் திறந்து தலையணையை எடுத்தேன். கழுத்து வலிக்காக எடுக்கவில்லை.

இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. கை என் கை மாதிரியே இல்லை. அப்போது, அம்மா இதே வார்த்தையைச் சொன்னாளே என்று நினைவு வந்தது. அழுகை நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன் என்று.

"எம்மா" என்று கத்தினேன்.

அம்மா ஓடி வந்தாள். வாசல்படியிலேயே நின்றாள். என் கையையும் தலையணையையும் பார்த்தாள். ஒரு அடி உள்ளே வைக்கவில்லை.

"பிள்ளயத் தூக்கும்மா."

"நான் பூரணத்தக் கூப்பிடுதேன்."

"பெரியம்மா வர்ற வரைக்கும் என்னால முடியாது. நீ தூக்கு."

"எங்கையில வேண்டாம் தாயி. எங்கை ஆகாது." கையிரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் தாழ்ப்பாளைக் கழற்றி, தலையணையை ஒளித்து, என் பின்னாலேயே திரிந்தவள், வேண்டிய நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"எங்கையில இருக்கிறத விட ஒங்கை நல்லது. எடுத்துட்டுப் போம்மா. எனக்கு நிக்க முடியல."

அம்மா உள்ளே வந்தாள். குனிந்தாள். முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். பாப்பாவின் தலைக்குக் கீழே ஒரு கை, முதுகுக்குக் கீழே ஒரு கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கியதும் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. செருப்புப் போடாமல், அந்த வெயிலில், தெருவோடு பெரியம்மா வீட்டுக்கு ஓடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அழுகைச் சத்தம் தெரு முனைவரை கேட்டு, பிறகு நின்றது. என் காதில் மட்டும் நிற்கவில்லை.

நயினாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரெஸ்ட் எடு என்று அவர் சொல்லவில்லை. உடனே பஸ் ஏறுகிறேன் என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

தவிட்டுக்குக் கொடுப்போம் என்று நானே சொன்னேன். அம்மா நம்பாமல் பார்த்தாள்.

"ரெண்டும் செய்வோம்மா. தவிடும் குடுப்போம், டாக்டர்கிட்டயும் போவோம். அப்பா பாதியிலயே விட்டுட்டாவ."

"டாக்டர்ட்ட சொன்னா பைத்தியம்னு பேரு கட்டிருவாவ."

"கட்டட்டும்."

இந்தக் காலத்தில் தவிட்டுக்கு எங்கே போவது? நயினார் மாட்டுத் தீவனக் கடையில் போய் நின்றிருக்கிறார். எத்தனை மாடு என்று கடைக்காரர் கேட்டாராம். ஒரு பிள்ளை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சொளகு பெரியம்மா வீட்டிலேயே இருந்தது.

பாப்பாவை அதில் கிடத்தினோம். காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். தவிட்டை என் மடியில் கொட்டிவிட்டு, "இது எம்பிள்ள" என்று பெரியம்மா சொல்ல வேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை. என் மகள் என்று நான் மூன்று தடவை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை. பெரியம்மா சொல்லி முடித்துத் தூக்கிக்கொண்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் பிள்ளை எனக்கு வேண்டும். வேண்டும் என்பதால்தான் கொடுக்கிறேன். இதை விளங்கிக்கொள்ளவே எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

தவிடு சேலையெல்லாம் ஒட்டிக்கொண்டு அரிக்கிறது. இதையாவது யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 25, புதன்

திருநெல்வேலியில் மனநல டாக்டர். ஒரு பெண்மணி, என்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். வெளியே உட்காரு என்றால் அம்மா கேட்கவில்லை.

தூக்கம், சாப்பாடு, காதில் கேட்கிற சத்தம் என்று வரிசையாகக் கேட்டார். காது மடல் கதையையும் சொன்னேன். சிரிக்கவில்லை. பிறகு பேனாவைப் பிடித்த கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, "பிள்ளைக்கு ஏதாவது ஆபத்து பண்ணிருவமோன்னு, இல்ல பண்ணணும்னு, எப்பவாவது தோணிருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றார் நயினார். என்னிடம் கேட்ட கேள்விக்கு இவர் பதில். தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஓடி வந்த மனுஷன்தான்.

"தோணுச்சு" என்றேன். "தலகாணிய எடுத்தேன்."

டாக்டர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். "சொன்னது நல்லது. இது வியாதி, சரியாகும்" என்றார். சில நாள் இங்கேயே தங்க வேண்டும், மாத்திரை உண்டு, பகலில் பெரியம்மா பாப்பாவைக் கொண்டு வந்து காட்டலாம், நான் அவளோடு தனியாக இருக்கக் கூடாது, தூக்கம் திரும்பட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார். எழுந்திருக்கப் போனோம்.

"எனக்கும் தோணுச்சு" என்றாள் அம்மா.

யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மேஜை விளிம்பைப் பார்த்துச் சொன்னாள். "இவளுக்கு முன்னால ஒண்ணு. எங்கிட்ட இத யாரும் கேக்கல டாக்டர். கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

நயினார் என்னைப் பார்த்தார். டாக்டர் எழுதுவதை நிறுத்தி, நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இப்ப நான் கேக்கேம்மா. ஒக்காருங்க. பிள்ளை பேரு என்ன?"

பெரியம்மா அவனை ஒரு பய என்றாள். அப்பா ஒன்றுமே சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். தெரிந்த நாளிலிருந்து அவனை வைத்து எல்லோரோடும் சண்டை போட்ட எனக்கும், அவனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அம்மா மறுபடி உட்கார்ந்தாள்.

"சைலப்பன்" என்றாள்.